தலைமாட்டுக்குச் செங்கல்லா, சரிவுத் தலையணையா?

அத்தை அன்று தலைக்கு மூன்று தலையணை வைத்துப் படுத்திருந்தார். அப்படியும் ராத்திரி 1 மணிக்கு எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, “தொண்டை வரைக்கும் புளிச்ச தண்ணி வருதும்மா” என்று நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தார். 16 வருடமாக வார்டில் யார் யார் கட்டிலுக்கோ தலைமாட்டைத் தூக்கிவிடுகிற நர்ஸ் நான். வீட்டில் என் மாமியாருக்குத் தூக்கிவிடக் கட்டிலே இல்லை. அவருக்குக் கோரைப்பாய்தான். கட்டிலில் படுத்தால் தூக்கம் வராது.

டாக்டரிடம் காட்டி, எண்டோஸ்கோப்பியும் பார்த்து, இரைப்பை அமிலம் மேலேறுகிற நோய்தான் என்று உறுதியாகியிருந்தது. மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டார்கள். மீதி எங்கள் பாடு. ராத்திரி எப்படிப் படுக்கவைப்பது, எத்தனை மணிக்குச் சாப்பிடவைப்பது, மாத்திரையை எப்போது கொடுப்பது? ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வழி இருக்கிறது. எல்லா வழியும் எல்லா வீட்டுக்கும் ஒத்துவராது. வார்டில் பார்த்ததையும் வீட்டில் பட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

உணவுக்குழாய் இரைப்பையைச் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் உண்டு. பாட்டிமார் இடுப்பில் செருகும் சுருக்குப்பையின் வாய் மாதிரி. விழுங்கும்போது தளர்ந்து, பிறகு இறுகிக்கொள்ள வேண்டும். அது வேண்டாத வேளையில் தளர்ந்தாலோ, தொளதொளத்தே போய்விட்டாலோ அமிலம் மேலே வரும். உட்கார்ந்திருக்கும்போது வந்தால் தானாகக் கீழே இறங்கிவிடும். எச்சில் விழுங்க விழுங்க மிச்சமும் கழுவிக்கொண்டு போகும். தூக்கத்தில் எச்சில் சுரப்பதும் குறைவு, விழுங்குவதும் அபூர்வம், உடம்போ தரையோடு தரையாக இருக்கிறது. ஏறிய அமிலம் அங்கேயே நின்று அரிக்கும். பகல் எரிச்சலைவிட ராத்திரி எரிச்சலுக்கு நான் அதிகம் பயப்படுவது இதனால்தான். காலையில் குரல் கம்மிப்போவது, நடுராத்திரி வறட்டு இருமல், ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பு கூடுவது ஆகியவற்றுக்குப் பின்னாலும் பல சமயம் இதுதான் இருக்கும்.

படுக்கை

தலையணை அடுக்குவதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லா வீட்டிலும் முதலில் செய்வது அதுதான். செலவில்லை, உடனே செய்யலாம். ஆனால் மூன்று தலையணை தூக்குவது தலையையும் கழுத்தையும் மட்டும்தான். உடம்பு இடுப்பில் மடிகிறது, வயிறு அழுந்துகிறது, சுருக்குப்பையை வெளியிலிருந்து பிதுக்கின கதையாகிறது. போதாததற்கு, பாதி ராத்திரியில் ஒன்று சரிந்து, இன்னொன்று காலடிக்குப் போய், காலையில் கழுத்துப் பிடிப்புதான் மிச்சம். இப்படி அடுக்கச் சொல்லி நான் யாருக்கும் சொல்வதில்லை.

கட்டில் இருக்கிற வீட்டில் செங்கல்லுக்கு இணை கிடையாது. தலைமாட்டுக் கால்கள் இரண்டையும் 6 முதல் 8 அங்குலம், அதாவது 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்த வேண்டும். நம்மூர் செங்கல் சுமார் 3 அங்குலக் கனம். படுக்கைவாட்டில் இரண்டை அடுக்கினால் 6 அங்குலம் வந்துவிடும். தலையிலிருந்து கால்வரை உடம்பு ஒரே சரிவாக இருக்கும். எங்கும் மடிப்பில்லை, வயிறு அழுந்தாது. ராத்திரி புரண்டு படுத்தாலும் சரிவு அப்படியே இருக்கும். தூங்குகிறவர் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளவே வேண்டாம் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது.

குறை இல்லாமல் இல்லை. டைல்ஸ் தரையில் செங்கல் வழுக்கும். அடியில் ஈரச் சாக்கையோ ரப்பர் விரிப்பையோ போட வேண்டும். இரும்புக் கட்டிலின் கால் சின்னது, செங்கல் விளிம்பிலிருந்து நழுவிவிடும். தச்சரிடம் சொன்னால் நடுவில் பள்ளம் வெட்டின மரக்கட்டை இரண்டு செய்துதருவார், கால் அதில் உட்கார்ந்துகொள்ளும். பக்கத்தில் படுப்பவரும் சேர்ந்து சரிய வேண்டியிருக்கும். முதல் வாரம் வீட்டில் சண்டை வரும், பிறகு பழகிவிடும். நைலான் விரிப்பு போட்டால் ஆள் ராத்திரி முழுக்கக் கீழே வழுக்கிக்கொண்டே இருப்பார். பருத்தி விரிப்பு போடுங்கள். காலில் ஏற்கெனவே நீர் கோத்த நோயாளி என்றால் சரிவில் வீக்கம் கூடுகிறதா என்று காலையில் அழுத்திப் பாருங்கள்.

சரிவுத் தலையணை என்பது முக்கோணமாக வெட்டின ஃபோம். ஒருவருக்கு மட்டும் போதும், பாயிலும் போடலாம், மகள் வீட்டுக்குப் போகும்போது தூக்கிக்கொண்டும் போகலாம். வாங்கும்போது பார்க்க வேண்டியது நீளம். இடுப்புக்குச் சற்று மேலிருந்து தலைவரை முழுதாகத் தாங்க வேண்டும். கடையில் அழகாக இருக்கிறதே என்று தோள்பட்டை வரைக்கும் மட்டும் வருகிற குட்டையானதை வாங்கினால், மூன்று தலையணை அடுக்கினதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. மெல்லிய ஃபோம் சில மாதத்தில் அமுங்கிவிடும். சித்திரை வெயிலில் முதுகெல்லாம் வேர்க்கும் என்பதால் மேலே பழைய வேட்டியை நாலாக மடித்துப் போடலாம். மெத்தை தைப்பவரிடம் அளவு கொடுத்துக் கெட்டி ஃபோமில் வெட்டச் சொன்னால் கடையில் விற்பதைவிட நன்றாகவே வரும்.

காசே இல்லாத வழி இடதுபக்கம் ஒருக்களித்துப் படுப்பது. இரைப்பை இடப்பக்கமாகத் தொங்குகிற பை. இடதுபக்கம் படுத்தால் அமிலம் பையின் அடியில் தேங்கும், உணவுக்குழாய் சேரும் வாய் அதற்கு மேலே நிற்கும். வலதுபக்கம் படுத்தால் அந்த வாய் அமிலத்துக்குக் கீழே போய்விடும். வலப்பக்கம் படுத்தே பழகினவர்களிடம் இதைச் சொன்னால், “சிஸ்டர், இத்தனை நாள் இது தெரியாம போச்சே” என்பார்கள். இதிலுள்ள சிக்கல், தூங்கினவர் எந்தப் பக்கம் புரள்கிறார் என்று யார் காவல் காப்பது? முதுகுக்குப் பின்னால் உருட்டின போர்வை ஒன்றை வைத்தால் ஓரளவு நிற்கும். இடது தோள் வலி உள்ளவர்கள், பக்கவாதத்தில் இடதுகை விழுந்தவர்கள், இடதுபக்கம் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்கிற இதய நோயாளிகள் ஆகியோரை இதற்கு வற்புறுத்தக் கூடாது. கர்ப்பிணிகளுக்கோ இது இரட்டை லாபம். கடைசி மாதங்களில் எப்படியும் ஒருக்களித்துத்தான் படுக்கச் சொல்கிறோம். இடதாகப் படுத்தால் எரிச்சலும் தணியும்.

சாய்வு நாற்காலியில் தூங்கிப் பழகிவிட்ட தாத்தாக்கள் உண்டு. ஒருநாள் தாங்க முடியாத எரிச்சலுக்கு அது பரவாயில்லை. தினமும் என்றால் கால் வீங்கும். துணி தொய்ந்த பழைய நாற்காலி என்றால் ஆள் அதற்குள் குழிந்து வயிறு மடங்கிக் கிடப்பார், பலனும் இராது.

படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. வார்டில் புதிதாக வரும் பெண்கள் தடுமாறுவது இங்கேதான். தலைமாட்டை உயர்த்த உயர்த்த அமிலம் இறங்கும். ஆனால் ஆளும் கீழே வழுக்குவார். வழுக்கும்போது இடுப்பெலும்புக்கு அடியில் தோல் ஒருபக்கமும் சதை ஒருபக்கமுமாக இழுபட்டு, அங்கே படுக்கைப்புண் வரும். புண்ணுக்குப் பயந்தால் 30 டிகிரிக்கு மேல் தூக்கக் கூடாது. மூக்குக் குழாயில் ஆகாரம் போகிறவருக்கு 30க்குக் கீழே இறக்கவும் கூடாது. ஆகவே சாதாரண நேரத்தில் 30 டிகிரி, ஆகாரம் ஊற்றும்போதும் அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் வரைக்கும் 45 வரை என்று நான் வைத்துக்கொள்வேன். முழங்காலுக்கு அடியில் சின்னதாக ஒரு சுருணை வைத்தால் வழுக்காது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பதை இதற்காக விட்டுவிடக் கூடாது. டிகிரி அளக்கக் கருவி வேண்டாம்: நேராக உட்கார்ந்தால் 90, அதில் பாதி 45, அதற்கும் கொஞ்சம் கீழே 30.

சாப்பாட்டு நேரம்

செங்கல், ஃபோம் எல்லாம் இருக்கட்டும். ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்கிற வீட்டில் எதைச் சொல்வேன்? ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே 3 மணி நேரம். நிறைந்த வயிற்றோடு படுக்கிறவருக்கு எந்தச் சரிவும் முழுக்க உதவாது.

சொல்வது சுலபம். அத்தை தன் மகன் வீடு திரும்பாமல் சாப்பிட மாட்டார். அவர் வர 9 ஆகும், சாப்பிட்டு எழும்போது 9.30, சீரியல் முடிந்து 10 மணிக்கு விளக்கணைத்தால் இடைவெளி அரை மணி நேரம்தான். இரண்டு வழி யோசித்தோம். அத்தைக்கு மட்டும் 7 மணிக்கே சாப்பாடு போடுவது ஒன்று. இன்னொன்று, சாப்பாடு மத்தியானத்துக்குப் போய்விட, ராத்திரி 9 மணிக்கு மகனோடு உட்கார்ந்து இரண்டு இட்லி மட்டும். முதலாவதுதான் சரி என்று நர்ஸாகத் தெரியும். ஆனால் “நான் முன்னாடியே கொட்டிக்கிட்டு உக்காரவா” என்ற ஒரே கேள்வியில் அது மூன்றே நாளில் கைவிடப்பட்டது. இரண்டாவதையும் அப்படியே ஏற்கவில்லை. இட்லியை 8 மணிக்கு இழுத்து, மகன் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறுவது என்று முடிந்தது. படுக்கை 10.30. இரண்டரை மணி நேரம் கிடைத்தது, போதும் என்று விட்டேன்.

மத்தியானம் சாப்பிட்ட கையோடு தூங்குவதும் இதில் சேர்த்தி. ராத்திரிக்கு எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, மத்தியானம் 1.30க்குச் சாப்பிட்டு 1.45க்கு ஃபேனுக்கு அடியில் மல்லாந்து படுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

என்ன சாப்பிடுவது என்பதில் நான் பொதுப் பட்டியல் கொடுப்பதில்லை. எண்ணெயில் பொரித்தது, பரோட்டா சால்னா, காரம், புளி, காபி, சாக்லேட் என்று அடித்துவிட்டால் நோயாளி நாலாம் நாள் எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி ஆரம்பித்துவிடுவார். ஒரு வாரம் எதைச் சாப்பிட்டு எப்போது எரிந்தது என்று காலண்டரின் ஓரத்தில் எழுதச் சொல்வேன். ஒருவருக்கு ரசம் ஆகாது, இன்னொருவருக்கு ரசம் ஒன்றும் செய்யாது, டீ படுத்தும். படுக்கும்போது ஒரு டம்ளர் பால் மட்டும் எல்லோருக்கும் வேண்டாம் என்பேன். முதல் பத்து நிமிடம் இதமாக இருக்கும், பிறகு வயிறு நிறைந்ததும் அமிலம் சுரந்ததும்தான் மிச்சம். வெற்றிலையோடு புகையிலை, பீடி, சிகரெட் ஆகியவை நிற்க வேண்டும். இன்னொன்றைப் பெண்களிடம் யாரும் கேட்பதில்லை: பாவாடை நாடா. இறுக்கிக் கட்டின நாடாவின் தழும்பு இடுப்பில் கறுத்துக் கிடக்கும் ஒரு அம்மாவுக்கு, நாடாவைத் தளர்த்தினதிலேயே பாதி எரிச்சல் குறைந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

மாத்திரை, சிரப்

மருந்துக்கடையில் “கேஸ் மாத்திரை” என்று கேட்டால் கிடைப்பது பலவகை. ஒன்றுக்கொன்று மாற்று என்று நினைத்துக்கொள்கிறார்கள், அப்படி இல்லை.

ஜெலுசில், டைஜீன் போன்ற சிரப் ஏற்கெனவே சுரந்துவிட்ட அமிலத்தை அடக்கும். சில நிமிடத்தில் இதம் தரும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அமிலம் அரித்த புண்ணை ஆற்றாது. இதிலுள்ள அலுமினியம் மலச்சிக்கலையும் மெக்னீசியம் பேதியையும் கொடுக்கலாம். சிறுநீரக நோயாளிக்கு டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. இரும்புச்சத்து, தைராய்டு மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தால் அவை உடம்பில் சேராது. சில மணி நேர இடைவெளி விடுங்கள். தண்ணீரில் போட்டால் பொங்கும் உப்புத்தூளில் சோடியம் அதிகம், பிபி உள்ளவர்களும் இதயம் பலவீனமானவர்களும் அதன் பக்கமே போக வேண்டாம். ஆல்ஜினேட் கலந்த சிரப் வேறுமாதிரி. அமிலத்தின் மேல் தெப்பம் மாதிரி மிதந்து மேலேறவிடாமல் தடுக்கும். அதனால் சாப்பிட்டபின்னும் படுக்கும்முன்னும் எடுக்க வேண்டும். எடுத்த உடனே ஒரு சொம்பு தண்ணீர் குடித்தால் தெப்பம் கலைந்துவிடும்.

ரானிடிடின் நம் வீடுகளில் தலைமுறையாகப் புழங்கியது. 2019இல் அதில் புற்றுநோய் அபாயமுள்ள என்டிஎம்ஏ என்கிற கலப்பு கண்டுபிடிக்கப்பட்டு, 2020இல் அமெரிக்காவில் கடைகளிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். 2022இல் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் அது நீக்கப்பட்டது. அலமாரியில் பழைய அட்டை கிடந்தால் தூக்கிப் போடுங்கள். அதே குடும்பத்து ஃபமோடிடின் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. ராத்திரி எரிச்சலுக்கு நல்லதுதான், ஆனால் தினமும் எடுத்தால் சில வாரத்தில் உடம்பு பழகி வேகம் குறைந்துவிடும்.

ஒமெப்ரசோல், பேன்டோபிரசோல் வகைதான் புண்ணை ஆற்றுவதில் முதலிடம். ஃபமோடிடின் குடும்பத்தைத் தொடங்கிவைத்த ஜேம்ஸ் பிளாக்குக்கு நோபல் பரிசு கிடைத்தது 1988இல். அவர் மருந்தை ஓரங்கட்டிய ஒமெப்ரசோல் விற்பனைக்கு வந்ததும் அதே 1988இல்தான்! இந்த வகையில் மாத்திரையின் பெயரைவிட நேரம் முக்கியம். இரைப்பையின் அமிலப் பம்புகள் வேலை செய்யும்போதுதான் மருந்து அவற்றைப் பிடித்து அடைக்கும். பம்புகள் ஓடுவது சாப்பாட்டுக்கு. எனவே காலை ஆகாரத்துக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு விழுங்க வேண்டும். “சாப்பிட்டதும் போட்டேன், கேக்கவே இல்ல” என்பவர்கள் முதலில் மாற்ற வேண்டியது நேரத்தை. நம் வீட்டில் காலையில் முதலில் உள்ளே போவது பால் காபி. அதுவும் ஆகாரக் கணக்குதான். எழுந்ததும் மாத்திரை, பிறகு குளியல் கோலமெல்லாம் முடித்து அரை மணி கழித்துக் காபி. தைராய்டு மாத்திரையும் வெறும் வயிற்றில்தான் என்பதால் இரண்டும் உள்ளவர்கள் எதை எப்போது என்று டாக்டரிடம் கேட்டு எழுதிவாங்கிக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க குளோபிடோக்ரெல் சாப்பிடும் இதய நோயாளிக்கு ஒமெப்ரசோல் அதன் வேலையைக் குறைக்கலாம். பேன்டோபிரசோலில் அந்தச் சிக்கல் குறைவு.

வழக்கமாக 8 வாரம் கொடுப்பார்கள். பலர் 8 வருடம் சாப்பிடுகிறார்கள். உணவுக்குழாய் மோசமாகப் புண்ணானவர்களுக்குத் தொடர்ந்து தேவைப்படலாம், அது டாக்டர் முடிவு. காரணமே இல்லாமல் தொடர்ந்தால் பி12, மெக்னீசியம் குறைவதும் எலும்பு பலவீனமாவதும் பார்க்கப்படுகின்றன. நெடுநாள் எடுத்துத் திடீரென நிறுத்தினால் சில வாரம் அமிலம் முன்பைவிட அதிகம் பொங்கும். நோய் திரும்பிவிட்டது என்று பயந்து மறுபடி தொடங்குவார்கள். மெதுவாகக் குறைப்பதே வழி. டொம்பெரிடோன் சேர்ந்த கேப்ஸ்யூலைக் கடையில் தாங்களாகவே வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது வயதானவர்களுக்கு வேண்டவே வேண்டாம். இதயத்துடிப்பைத் தடம் மாற்றக்கூடியது என்பதால் ஐரோப்பிய மருந்து முகமை 2014இலேயே அதை வாந்திக்கு மட்டும், ஒரு வாரத்துக்கு மேற்படாமல் என்று சுருக்கியது.

ரைல்ஸ் டியூப், அதாவது மூக்குக் குழாய் போட்டவருக்கு வேறு கணக்கு. பேன்டோபிரசோல் மாத்திரையின் மேற்பூச்சு, அமிலத்தில் மருந்து வீணாகாமல் காக்கிற கவசம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அதை நைசாக இடித்துத் தண்ணீரில் கலக்கிக் குழாயில் விட்டேன். சீனியர் சிஸ்டர் உரலைப் பார்த்துவிட்டுச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “கவசத்த ஒடச்சிட்டு கர்ணன சண்டைக்கு அனுப்புறியா?” குழாய் வழியே கொடுக்கும் விதமாக வருகிற குருணை மருந்து உண்டு, அல்லது ஊசி. எதுவானாலும் இடிக்கும்முன் கேட்க வேண்டும்.

சில மாத்திரைகள் எதிர்ப்பக்கம் வேலை செய்யும். ஆம்லோடிபின் போன்ற பிபி மாத்திரை அந்தத் தசை வளையத்தைத் தளர்த்தலாம். டைக்ளோபெனாக் போன்ற வலி மாத்திரை, டாக்சிசைக்ளின் என்கிற கிருமிக்கொல்லி, எலும்புத் தேய்மானத்துக்கான வார மாத்திரை ஆகியவை குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கேயே புண்ணாக்கும். நிமிர்ந்து உட்கார்ந்து முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி படுக்காமல் இருக்க வேண்டும். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், பட்டியலை அப்படியே டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒரு சமயத்தில் மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கவே கூடாது. நெஞ்சில் அழுத்துகிற வலி, வியர்வை, மூச்சுத் திணறல், இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது ஆகியவற்றில் எது இருந்தாலும் “கேஸ்தான்” என்று சோடா கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை நோயாளிக்கும் வயதான பெண்களுக்கும் மாரடைப்பு வெறும் நெஞ்செரிச்சலாகவே வேடம் போட்டு வரும். எங்களிடம் அப்படி வருகிறவருக்கு முதலில் ஈசிஜி, சிரப் எல்லாம் பிறகு. விழுங்கும்போது அடைப்பது, காரணமில்லாமல் மெலிவது, ரத்த வாந்தி, தார் மாதிரிக் கறுப்பு மலம், ரத்தசோகை இருந்தால் வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் எண்டோஸ்கோப்பிக்குப் போக வேண்டும்.

அத்தைக்குக் கடைசியில் என்ன செய்தோம் என்றால், மெத்தைக்காரரிடம் 7 அங்குல உயரம், 30 அங்குல நீளத்தில் கெட்டி ஃபோம் வெட்டி, காடாத் துணியில் உறை தைத்து, பாய்க்கு அடியில் போட்டோம். மேலே போட்டால் அது தலையணை, கீழே போட்டால் அதுவும் பாய்தான் என்பது அவர் கண்டுபிடித்த சமாதானம். முதுகுக்குப் பின்னால் போர்வைச் சுருணை வைத்து இடதுபக்கம் படுக்கிறார். விடியும்போது பெரும்பாலும் வலதுபக்கம்தான் இருக்கிறார், ஆனால் சரிவு மாறாமல் இருக்கிறது. மாமா மட்டும் தன் கட்டிலுக்குச் செங்கல் வைக்கச் சொல்லி இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்கு நெஞ்செரிச்சல் கிடையாது. அத்தைக்கு மட்டும் எல்லோரும் சேர்ந்து ஏதோ செய்துவிட்டோமாம்.